ரூட் கோப்புக்குள் ஆறு கோடி வரிகள்: டிட்ரீயிலிருந்து ஆர்என்டியூப்பிளுக்கு ஏன் மாறுகிறார்கள்?

துகள் இயற்பியலில் தரவைத் தொட்ட எவருக்கும் ரூட் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளும், பெரிய அட்டவணைகளைக் கோப்பில் சேமிக்கும் அதன் டிட்ரீ வடிவமும் பழக்கமானவை. செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி முடுக்கியின் சோதனைகள் பகுப்பாய்வுக்காகச் சேர்த்துவைத்திருக்கும் தரவில் பெரும்பகுதி டிட்ரீயாகத்தான் இருக்கிறது. இப்போது அந்த இடத்துக்கு ஆர்என்டியூப்பிள் வருகிறது. 2024 இறுதியில் வெளியான ரூட் 6.34 பதிப்பில் அதன் கோப்பு வடிவத்தை உறுதிசெய்துவிட்டார்கள். இனி அதில் எழுதும் கோப்புகள் பின்னாளிலும் படிக்கக்கூடியவையாக இருக்கும் என்பது அதன் பொருள்.

இதைக் கேட்டதும் மாணவர்களுக்கு வரும் முதல் பயம், பழைய கோப்புகள் திறக்காமல் போய்விடுமோ என்பது. அப்படி ஆகாது. டிட்ரீயைப் படிக்கும் வசதி ரூட்டில் தொடர்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளாக நன்றாக ஓடும் ஒன்றை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல, ஒரு பெரிய அட்டவணை வட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கோப்பு

செர்னின் திறந்த தரவுத் தளத்தில், எல்எச்சி சோதனைகளில் ஒன்றான சிஎம்எஸ் 2012இல் பதிவுசெய்த மியூயான் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) தரவுக் கோப்பு ஒன்று இருக்கிறது. ரூட் பயிற்சிகளில் அடிக்கடி வருவது. அளவு சுமார் 2 கிகாபைட். அதில் 6 கோடியே 15 லட்சம் நிகழ்வுகள் உள்ளன. ஒரு நிகழ்வு என்பது புரோட்டான் கொத்துகள் ஒருமுறை குறுக்கிட்டபோது உணர்கருவி பதிவுசெய்த படம். அட்டவணையில் அது ஒரு வரி.

நெடுவரிசைகள் ஆறே ஆறு: மியூயான்களின் எண்ணிக்கை, அவற்றின் குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்), சூடோரேபிடிட்டி எனப்படும் கோண அளவு, அச்சைச் சுற்றிய கோணம், நிறை, மின்னூட்டம்.

எக்செல் தாளில் அதிகபட்சம் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். ஆகவே அந்த வழி இல்லை. எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரு நிகழ்வில் இரண்டு மியூயான் இருக்கும், இன்னொன்றில் ஐந்து இருக்கும், சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு கலத்திலும் இருப்பது ஒற்றை எண் இல்லை. நீளம் மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல். சாதாரண அட்டவணை மென்பொருள்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சிஎஸ்வி போல எழுத்தாகவே எழுதிவைத்தால் என்ன? 10.763697 என்ற எண்ணுக்கு ஒன்பது எழுத்து, ஒரு காற்புள்ளி, ஆகப் பத்து பைட். அதே எண் இருமத்தில் நான்கு பைட்டில் முடிந்துவிடும். போதாததற்கு, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எழுத்தை எண்ணாக மாற்றும் வேலையைக் கணினி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் வரிக்கு அது தெரியாது. ஆறு கோடிக்கு, உண்மையான கணக்கீட்டைவிட இந்த மாற்றலுக்கே அதிக நேரம் போய்விடும்.

இருமத்தில் கணக்கு இப்படி வரும்: எண்ணிக்கைக்கு 4 பைட், ஒரு மியூயானுக்கு ஐந்து மதிப்புகள் என்றால் 20 பைட். நிகழ்வுக்கு இரண்டு மியூயான் என்று வைத்தால் மொத்தம் 44 பைட். 6.15 கோடியால் பெருக்கினால் சுமார் 2.7 கிகாபைட். கோப்போ சுருக்கப்பட்ட பிறகும் 2 கிகாபைட்டுக்கு மேல் இருக்கிறது. சுருக்கம் ஏன் இவ்வளவு குறைவு? அதற்குக் கீழே வருவோம்.

வரிவாரியா, நெடுவரிசைவாரியா?

வட்டில் பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆகவே இரண்டு பக்கமும் நீளும் ஓர் அட்டவணையை எந்த வரிசையில் நீட்டி எழுதுவது என்று முடிவுசெய்தாக வேண்டும்.

1. வரிவாரியாக: முதல் நிகழ்வின் எல்லா மதிப்புகளும், அப்புறம் இரண்டாம் நிகழ்வின் எல்லா மதிப்புகளும். வானியலில் 1981 முதல் புழங்கும் ஃபிட்ஸ் வடிவத்தின் இரும அட்டவணைகள் இப்படி அமைந்தவை. எழுதுவது எளிது; ஒரு நிகழ்வை முழுதாக எடுப்பதும் எளிது.

2. நெடுவரிசைவாரியாக: எல்லா நிகழ்வுகளின் உந்தமும் ஓரிடத்தில், எல்லாக் கோணங்களும் வேறோர் இடத்தில்.

பகுப்பாய்வு செய்கிறவர் பெரும்பாலும் கேட்பது சில நெடுவரிசைகளை, ஆனால் எல்லா வரிகளிலிருந்தும். உந்தத்தின் பரவலை மட்டும் வரைய வேண்டும் என்றால் 44 பைட்டில் 8 பைட் போதும். வரிவாரியாக எழுதியிருந்தால் மீதி 36 பைட்டையும் வட்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். ஆறு நெடுவரிசைக்கே இப்படி. சிஎம்எஸ் இப்போது பகுப்பாய்வுக்குத் தரும் நானோஏஓடி கோப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள் இருக்கின்றன. ஓர் ஆய்வு தொடுவது சில டஜன்களைத்தான். சிஎம்எஸ் கூட்டமைப்பில் சென்னை ஐஐடியும் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் ஐரோப்பாவில் உள்ள கோப்பை வலைவழியாகத் திறக்கும்போது, தேவையான நெடுவரிசை மட்டும் கடல் தாண்டி வந்தால் போதும் என்பது மிகப் பெரிய சேமிப்பு.

இந்த யோசனையைத் துகள் இயற்பியலாளர்கள் வெகுகாலம் முன்பே பிடித்துவிட்டார்கள். ரூட்டுக்கு முன்பு செர்னில் புழங்கிய பா மென்பொருளிலேயே வரிவாரி அட்டவணை, நெடுவரிசைவாரி அட்டவணை என இரண்டும் இருந்தன. ரெனே புரன், ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸ் இருவரும் 1995இல் ரூட்டைத் தொடங்கியபோது டிட்ரீக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது நெடுவரிசை முறையைத்தான். இதே நெடுவரிசை முறையில் அமைந்த, தொழில்துறையில் இன்று எல்லோரும் பேசும் பார்க்கே வடிவம் வந்தது 2013இல்.

டிட்ரீ உள்ளே எப்படி வேலை செய்கிறது?

டிட்ரீயில் ஒரு நெடுவரிசைக்கு பிராஞ்ச் என்று பெயர். ஒவ்வொரு பிராஞ்சுக்கும் நினைவகத்தில் பாஸ்கெட் என்ற தற்காலிக இடம் உண்டு. இயல்பான அளவு 32,000 பைட். நிகழ்வுகள் வர வர அந்தந்த மதிப்பு அதனதன் பாஸ்கெட்டில் சேர்கிறது. நிறைந்ததும் அதைச் சுருக்கிக் கோப்பில் எழுதிவிட்டு, காலியாக்கி மறுபடி நிரப்பத் தொடங்குகிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பாஸ்கெட்டுகள் ஒரே வேகத்தில் நிறைவதில்லை. எண்ணிக்கை பிராஞ்ச் மெதுவாக நிறையும். உந்தம் அதைவிட வேகமாக நிறையும். அப்படியே விட்டால், ஒரே நிகழ்வின் துண்டுகள் கோப்பில் வெகுதூரம் சிதறிப்போகும். அதனால் சுமார் 30 மெகாபைட் சேர்ந்ததும் எல்லா பாஸ்கெட்டுகளையும் ஒன்றாகக் கோப்பில் கொட்டும்படி ரூட் அமைத்திருக்கிறது. இப்படிச் சேர்ந்து விழும் தொகுதி ஒரு கிளஸ்டர். எந்த நிகழ்வும் இரண்டு கிளஸ்டரில் பிளந்து கிடக்காது என்பதால், பல கருக்கள் கொண்ட கணினியில் ஆளுக்கொரு கிளஸ்டராகப் பிரித்துக்கொடுத்து இணையாக வேலை வாங்கலாம்.

கிளஸ்டரின் அளவில் எப்போதும் இரண்டு பக்க இழுபறி இருக்கும். பெரிதாக வைத்தால் சுருக்கம் நன்றாக வரும், வட்டில் தாவல்கள் குறையும். ஆனால் எழுதும்போது நினைவகம் அதிகம் கேட்கும். சிறிதாக வைத்தால் ஆயிரம் நெடுவரிசை உள்ள அட்டவணையில் ஒவ்வொரு துண்டும் சில நூறு பைட்டுக்குச் சுருங்கி, படிப்பது மந்தமாகிவிடும். "என் கோப்பு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாகப் படிக்கிறது" என்ற கேள்விக்கு, சில நூறு நிகழ்வுகளுக்கு ஒருமுறை கட்டாயமாகக் கொட்டச் சொல்லி எழுதிய நிரலே பல நேரம் விடையாக இருக்கும்.

சுருக்கம்: எண்களின் பின்னால் இருப்பது

ரூட்டில் சுருக்க முறையை மூன்று இலக்க எண்ணால் சொல்வார்கள். முதல் இலக்கம் முறை, அடுத்த இரண்டும் எவ்வளவு அழுத்திச் சுருக்குவது என்ற அளவு. 101 என்றால் ஸீலிப், அளவு 1. 207 என்றால் எல்இசட்எம்ஏ, அளவு 7. 404 என்றால் எல்இசட்4. 505 என்றால் இசட்ஸ்டாண்டர்டு, அளவு 5. ஆர்என்டியூப்பிளின் இயல்பு அமைப்பு இதுதான்.

எல்இசட்எம்ஏ மிகச் சிறிதாகச் சுருக்கும், விரிக்கும்போது மிக மெதுவாக இருக்கும். எல்இசட்4 நேரெதிர். இசட்ஸ்டாண்டர்டு நடுவில் நிற்கிறது: ஸீலிப்பைவிடச் சிறிதாகச் சுருக்கியும் அதைவிட வேகமாக விரிக்கும். ஒருமுறை எழுதி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படிக்கும் கோப்புக்கு விரிக்கும் வேகம்தான் முக்கியம். ஆகவே தெளிவான காரணம் இல்லாத பட்சத்தில் 505ஐ வைத்துக்கொள்வதே சரி. எல்இசட்எம்ஏ, யாரும் அடிக்கடி தொடாத காப்பகக் கோப்புகளுக்கு ஏற்றது.

ஆனால் முறையைத் தேர்வதைவிட, சுருக்கப்போகும் பைட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பெரிய விஷயம். சுருக்கு நிரல் தேடுவது ஒரே மாதிரியான பைட்டுகளை. நம் மியூயான் கோப்பின் நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது புரியும்.

நிறை. மியூயானின் நிறை எப்போதும் சுமார் 0.1057 ஜிகாஎலெக்ட்ரான்வோல்ட்தான் (துகள் இயற்பியலில் நிறைக்கும் உந்தத்துக்கும் புழங்கும் அலகு). நெடுவரிசை முழுக்க ஒரே எண். நெடுவரிசைவாரியாக எழுதும்போது இது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும்.

மின்னூட்டம். +1 அல்லது −1 மட்டும். ஆனால் நான்கு பைட் முழு எண்ணாக எழுதும்போது +1இல் கடைசி பிட்டைத் தவிர எல்லாம் பூஜ்யம். −1இல் முப்பத்திரண்டு பிட்டுமே ஒன்று. குறி மாறும்போதெல்லாம் நான்கு பைட்டும் மாறும். ஆர்என்டியூப்பிள் இங்கே ஸிக்ஸாக் என்ற குறியீட்டைப் பயன்படுத்துகிறது: 0ஐ 0 ஆகவும், −1ஐ 1 ஆகவும், +1ஐ 2 ஆகவும், −2ஐ 3 ஆகவும் மாற்றி எழுதும். இப்போது மேல் மூன்று பைட்டுகள் எப்போதும் பூஜ்யம்.

உந்தம். கணினி 32 பிட் தசம எண்ணை ஒரு குறி பிட், 8 அடுக்கு பிட், 23 பின்னப் பிட் எனப் பிரித்து வைக்கிறது. 8 முதல் 32க்குக் கீழ்வரை உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் முதல் பைட் 65 என்றுதான் இருக்கும். 32 முதல் 128க்குக் கீழ்வரை என்றால் 66. அதாவது முதல் பைட்டுகள் ஒன்றுபோல் இருக்கின்றன, கடைசி பைட்டுகள் தாறுமாறாக இருக்கின்றன. எண்களை அப்படியே வரிசையாக எழுதினால் ஒன்றுபோல் உள்ளவற்றின் நடுவே தாறுமாறானவை புகுந்துவிடும். ஆர்என்டியூப்பிள் எல்லா முதல் பைட்டுகளையும் ஒன்றாக, எல்லா இரண்டாம் பைட்டுகளையும் ஒன்றாக என்று பிரித்து அடுக்கியபிறகே சுருக்குகிறது. தகவல் ஒரு பிட் கூடக் குறைவதில்லை, கோப்பு மட்டும் சிறிதாகிறது.

பட்டியல் நீளம். ஒவ்வொரு நிகழ்வின் பட்டியலும் எங்கே முடிகிறது என்று 2, 4, 6, 9, 11 எனக் கூடிக்கொண்டே போகும் எண்கள் இருக்கும். அவற்றின் வித்தியாசத்தை எழுதினால் 2, 2, 2, 3, 2. இப்படிச் சின்னச் சின்ன எண்களாகத் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது சுலபம்.

இவ்வளவு செய்தாலும் உந்தத்திலும் இரண்டு கோணங்களிலும் கீழ்ப் பிட்டுகள் தற்செயலானவையாகவே இருக்கும். அவற்றை எந்த நிரலாலும் சுருக்க முடியாது. கோப்பு அதிகம் சுருங்காததற்கு இது முக்கியக் காரணம்.

தேவைக்கு மேல் துல்லியம்

என் கணிப்பில், இந்த விஷயத்தில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இது. கோப்பைச் சிறிதாக்க எல்லோரும் சுருக்க முறையை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். எண்களின் துல்லியத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

சிஎம்எஸ் உணர்கருவியில் சில பத்து ஜிகாஎலெக்ட்ரான்வோல்ட் உந்தமுள்ள மியூயானை அளப்பதில் சுமார் 1 முதல் 2 சதவீதம் வரை நிச்சயமின்மை உண்டு. 45 என்று பதிவான உந்தத்தின் உண்மை மதிப்பு கிட்டத்தட்ட 0.7 மேலோ கீழோ இருக்கலாம். ஆனால் 23 பின்னப் பிட்டுகள் அந்த எண்ணை ஏழு இலக்கம்வரை எழுதிவைக்கின்றன. நான்காவது இலக்கத்துக்குப் பிறகு வருவதெல்லாம் அளவீட்டு இரைச்சல். நாம் சேமிப்பு செலவழித்துக் காப்பாற்றுவது அந்த இரைச்சலைத்தான்.

பின்னத்தில் 10 பிட்டை மட்டும் வைத்து மீதி 13ஐப் பூஜ்யமாக்கினால் என்ன ஆகும்? 32க்கும் 64க்கும் இடையே 1024 படிகள் கிடைக்கும்; ஒரு படி 0.03125. அளவீட்டு நிச்சயமின்மையான 0.7இல் இது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இயற்பியலில் மாற்றம் தெரியாது. ஆனால் 32 பிட்டில் 13 பிட் எல்லா எண்ணிலும் பூஜ்யமாகிவிட்டதால் சுருக்கம் சட்டென்று கூடிவிடும். நானோஏஓடி ஒரு நிகழ்வை 1 முதல் 2 கிலோபைட்டுக்குள் அடக்குவதில் இந்த உத்திக்கு நல்ல பங்கு உண்டு. ஆர்என்டியூப்பிளில் இதைக் கோப்பு வடிவமே நேரடியாகச் செய்கிறது: பிட் எண்ணிக்கையைக் குறைத்த தசம எண் ஒரு வகை, கீழ் எல்லை, மேல் எல்லை, பிட் எண்ணிக்கை மூன்றையும் கொடுத்து எழுதும் எண் இன்னொரு வகை.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் கூடாது. கவனிக்க வேண்டியவை:

1. கீழ்ப் பிட்டுகளை வெறுமனே வெட்டினால் எல்லா எண்களும் ஒரே பக்கமாக, பூஜ்யத்தை நோக்கிச் சரியும். கிட்டிய படிக்கு முழுமைப்படுத்த வேண்டும்.

2. மிக நெருக்கமான இரண்டு கோணங்களின் வித்தியாசம் தேவைப்படும் ஆய்வில், கோணத்தைக் குறைத்து எழுதினால் வித்தியாசமே அழிந்துபோகலாம்.

3. பின்னால் அளவுத்திருத்தம் செய்யப்போகும் மூலத் தரவில் கை வைக்கக் கூடாது.

4. நிகழ்வு எண், தரவு சேகரித்த ஒவ்வொரு சுற்றுக்கும் தரும் ஓட்ட எண் போன்ற அடையாளங்களைத் தசம எண்ணாக வைக்கவே கூடாது. 32 பிட் தசம எண்ணால் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் காட்ட முடியும். அதற்கு மேல் அடுத்தடுத்த நிகழ்வுகள் ஒரே எண்ணைப் பெறத் தொடங்கும். ஆறு கோடி வரியில் அப்படி ஆனால், இரண்டு அட்டவணைகளை நிகழ்வு எண்ணை வைத்து இணைக்கும்போது பிழைச் செய்தி எதுவும் வராமலேயே தவறான விடை வரும்.

அப்படியென்றால் ஆர்என்டியூப்பிளில் புதிதாக என்ன?

நெடுவரிசை, கிளஸ்டர் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. பாஸ்கெட்டின் இடத்தில் பேஜ் வந்திருக்கிறது. மேலே பார்த்த குறியீடுகள் எல்லாம் இயல்பாகவே வேலை செய்கின்றன. இவை போக:

1. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் டிட்ரீ அதை நெடுவரிசையாகப் பிரிக்காமல் ஒரே உருண்டையாக எழுதிவிடும். ஆர்என்டியூப்பிள் எத்தனை அடுக்கு இருந்தாலும் பிரித்து எழுதுகிறது.

2. டிட்ரீ பைட்டுகளை எழுதும் திசை இன்றைய கணினிச் சில்லுகளின் திசைக்கு எதிரானது; படிக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது. புதிய வடிவம் சில்லுகளின் திசையிலேயே எழுதுவதால் அந்த வேலை மிச்சம்.

3. ஒவ்வொரு பேஜுக்கும் சரிபார்ப்பு எண் சேர்த்து எழுதலாம். வட்டிலோ வலையிலோ ஒரு பிட் கெட்டுப்போனால், தவறான எண் ஆய்வுக்குள் நுழையும் முன்பே பிடிபடும்.

4. சாதாரணக் கோப்பில் மட்டுமல்லாமல், மேகச் சேமிப்பில் உள்ள பொருள் கிடங்குகளிலும் வைக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள்.

5. வடிவத்தின் விவரக்குறிப்பு எழுத்தில் இருக்கிறது. ரூட் இல்லாமலே வேறு நிரலில் படிக்க இது உதவும். பைத்தானில் அப்ரூட் நூலகம் அப்படிப் படிக்கிறது.

பார்க்கேவுக்கே போயிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நேரான அட்டவணைக்கு அது நல்ல தேர்வுதான். பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸை மட்டும் பயன்படுத்துகிறவர் அதிலேயே இருக்கலாம். ஆனால் சி++ பொருள்களை அப்படியே எழுதிப் படிப்பது, காலப்போக்கில் வகுப்பின் அமைப்பு மாறினாலும் பழைய கோப்பைத் திறப்பது என ரூட்காரர்கள் முப்பது ஆண்டுகளாக நம்பியிருக்கும் வசதிகள் அதில் கிடையாது.

மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம் அளவுதான். செர்னின் வட்டுச் சேமிப்பு 2023இலேயே ஓர் எக்ஸாபைட்டைத் தாண்டிவிட்டது; அதாவது பத்து லட்சம் டெராபைட். மேம்படுத்தப்பட்ட எல்எச்சி 2030 வாக்கில் ஓடத் தொடங்கும்போது தரவு பல மடங்காகும். தனி ஆளின் மடிக்கணினியில் பத்து சதவீதச் சேமிப்பு பெரிதாகத் தோன்றாது. ஓர் எக்ஸாபைட்டில் பத்து சதவீதம் என்றால் ஒரு லட்சம் டெராபைட்.

இப்போது பயனர் செய்ய வேண்டியது

ரூட்டின் புதிய பகுப்பாய்வு இடைமுகமான ஆர்டேட்டாஃப்ரேம் வழியாக ஆய்வை எழுதியிருப்பவர்களுக்கு வேலை குறைவு. அது இரண்டு வடிவத்தையும் படிக்கும், நிரலில் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பிராஞ்ச் முகவரிகளைக் கையால் இணைத்து, ஒவ்வொரு நிகழ்வாகச் சுற்றிவரும் பழைய மேக்ரோக்களை வைத்திருப்பவர்கள்தான் திருத்தி எழுத வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் ஆர்டேட்டாஃப்ரேமிலேயே தொடங்குவது நல்லது.

இருக்கும் டிட்ரீயை மாற்ற ரூட்டிலேயே ஒரு இறக்குமதிக் கருவி இருக்கிறது. மாற்றியதும் பழைய கோப்பை உடனே அழித்துவிட வேண்டாம். நிகழ்வு எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் கூட்டுத்தொகையையும் இரண்டு கோப்பிலும் ஒப்பிடுங்கள். துல்லியத்தைக் குறைத்திருந்தால் கூட்டுத்தொகை மட்டும் போதாது; ஆய்வின் கடைசி வரைபடத்தை இரண்டிலிருந்தும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மியூயான் கோப்பில் என்றால், எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரட்டையர்களின் நிறைப் பரவலில் 91 ஜிகாஎலெக்ட்ரான்வோல்ட் அருகே இசட் போசானின் முகடும், 3.1இல் ஜே-சை துகளின் முகடும் அதே இடத்தில், அதே அகலத்தில் வர வேண்டும். ஜே-சை முகடு குறுகலானது. துல்லியத்தை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால் முதலில் அதில்தான் தெரியும்.